ஒரே குதிரை, பல அடுக்குகள்: புத்தகத்துக்குப் பகுப்பெண் கொடுப்பது எப்படி

புத்தகம் கைக்கு வந்ததும் "இது எதைப் பற்றியது?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். நூலகத்தில் அது இரண்டாவது கேள்வி. "இது எந்தத் துறைக்காரர் பேசுகிற பேச்சு?" என்பதுதான் முதல் கேள்வி. பகுப்பாக்கம் (அடுக்கில் புத்தகம் நிற்கும் இடத்தைச் சொல்லும் பகுப்பெண்ணைக் கொடுக்கும் வேலை) கற்க வருகிறவர்களுக்கு நான் முதலில் எடுத்துக் கொடுப்பது குதிரைப் புத்தகங்களை.

துறைவாரியாகப் புத்தகங்களுக்கு எண் கொடுக்கும் டியூயி தசமப் பகுப்பு என்ற நூலக முறையில் குதிரைக்கென்று ஒரே இடம் கிடையாது. குதிரையின் உடலமைப்பு, உறவின விலங்குகள் என்று விலங்கியல் பேசினால் 599.6655. தீனி, லாயம், இனப்பெருக்கம் என்று வளர்ப்பைப் பேசினால் 636.1. பந்தயம் என்றால் 798.4. குதிரைப்படை என்றால் 357. கதாநாயகனே குதிரையாக இருந்தாலும் தமிழ் நாவல் என்றால் 894.8113-க்குப் போய்விடும், இலக்கியத்தில் மொழியும் வடிவமும்தான் கணக்கு, கதைப்பொருள் இல்லை.

இப்படிச் சிதறடிப்பது அநியாயம் என்று தோன்றும். ஆனால் லாயம் வைத்திருப்பவர் 636 அடுக்குக்கு வந்தால் மாடு, ஆடு வளர்ப்பும் பக்கத்திலேயே கிடைக்கும். படை வரலாறு படிப்பவருக்கு அந்தத் தீனிக் கணக்கு எதற்கு? சிதறியதைச் சேர்த்துக் காட்ட அகரவரிசை அடைவு இருக்கிறது. 1876-இல் மெல்வில் டியூயி வெளியிட்ட முதல் பதிப்பிலேயே அடைவும் உண்டு. "குதிரை" என்று தேடினால் எந்தத் துறையில் எந்த எண் என்று வரிசையாகச் சொல்லும். அந்த எண்ணை அப்படியே எழுதிவிடாதீர்கள். எண்களெல்லாம் வரிசையாக உள்ள அட்டவணையில் அந்த எண்ணுக்குப் போய், மேலே கீழே என்ன இருக்கிறது, "இதை இங்கே வைக்காதே, அங்கே வை" என்ற குறிப்பு ஏதும் உண்டா என்று பார்த்த பிறகே பென்சிலை எடுங்கள்.

தலைப்பை மட்டும் நம்பவே கூடாது. "காற்றைக் கிழிக்கும் குளம்புகள்" என்று ஒரு புத்தகம் வந்தால் அது கவிதையா, பந்தயமா, கால்நடை மருத்துவமா? பொருளடக்கம், முன்னுரை, பின்னட்டை, கடைசியில் உள்ள மேற்கோள் நூல்கள், இவ்வளவும் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். முழுப் புத்தகத்தையும் படிக்க உட்கார்ந்தால் வேலை நடக்காது (ஆசை வரும், அது வேறு விஷயம்).

ஒரே புத்தகத்தில் இரண்டு பொருள் இருந்தால், எது அதிகம் பேசப்படுகிறதோ அதன் எண். சரிபாதி என்றால் அட்டவணையில் முன்னால் வருவது: குதிரையும் மாடும் என்றால் 636.1, ஏனென்றால் மாடு 636.2. ஆட்டையும் சேர்த்து மூன்றாகிவிட்டால் மூன்றையும் அடக்கும் மேல் எண்ணுக்கு, அதாவது 636-க்கு ஏறிவிட வேண்டும். ஒன்று இன்னொன்றைப் பாதிப்பதைச் சொல்லும் நூல் என்றால், பாதிப்புக்கு உள்ளானதன் பக்கம் வையுங்கள். இந்த விதிகளை மனப்பாடம் செய்து வைத்தால் பாதி வாக்குவாதம் மிச்சம்.

அகராதி, இதழ், வரலாறு போன்ற வடிவங்களுக்கு, பொருளின் எண்ணுக்குப் பின்னால் சேர்க்கும் பொது உட்பிரிவுகள் உண்டு: 03 அகராதி, 05 இதழ், 09 வரலாறு. எத்தனை பூஜ்யம் போட வேண்டும் என்று சில இடங்களில் அட்டவணையே சொல்லும், அதன்படி போங்கள்.

டியூயி முறை ஆயத்த எண்களைப் பட்டியலிட்டுத் தருகிறது. இந்திய நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்பு, நூல் எதைப் பற்றியது என்பதைப் பிரித்துப் போட்டு நம்மையே எண் கட்டச் சொல்கிறது. ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்று ஐந்து முகங்கள், அதாவது நூலைப் பார்க்கும் ஐந்து கோணங்கள். "நுரையீரல் காசநோய்க்கு எக்ஸ் கதிர் சிகிச்சை பற்றி 1950-களில் இந்தியாவில் நடந்த ஆய்வு" என்பது அங்கே அடிக்கடி காட்டப்படும் உதாரணம். மருத்துவம் என்ற பிரிவுக்குப் பிறகு நுரையீரலுக்குக் காற்புள்ளி, நோய்க்கு அரைப்புள்ளி, சிகிச்சைக்கு முக்காற்புள்ளி, நாட்டுக்குப் புள்ளி என்று ஒவ்வொரு முகமும் தன் குறியோடு வந்து சேரும். நான் வேலை செய்வது டியூயியில்தான்; ஆனாலும் ஒரு புத்தகம் குழப்பினால் இந்த ஐந்து முகங்களையும் தாளில் எழுதிப் பார்ப்பேன். எது விடுபட்டது என்று உடனே தெரியும்.

டியூயியில் ஒரு பெரிய கோணல் உண்டு. 200 சமயம், அதில் 220 முதல் 280 வரை கிறித்தவம், மற்ற சமயங்களெல்லாம் 290-க்குள் நெருக்கியடித்துக்கொண்டு. உங்கள் தொகுப்பில் அந்த மற்றவைதான் அதிகம் என்றால் 290-களின் எண்களை நீளமாகவே எழுதுங்கள். இல்லையென்றால் நூறு புத்தகம் ஒரே எண்ணில் குவிந்து கிடக்கும். கூட்டமில்லாத பிரிவுகளில் எண்ணைத் தாராளமாகக் குறைக்கலாம்.

அடுக்கும்போது புதியவர்கள் தடுக்கி விழும் இடம், தசமம். மட்டக்குதிரைக்கு 636.16, அது 636.2-க்கு முன்னால்தான் நிற்க வேண்டும். பதினாறு இரண்டைவிடப் பெரியது என்று பின்னால் தள்ளிவிடுவார்கள். புள்ளிக்குப் பிறகு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிடுங்கள்.

அப்புறம் ஒன்று. பந்தயக் குதிரையை வளர்ப்பது பற்றிய நூல் 636-க்கா, 798-க்கா என்று ஒருமுறை முடிவெடுத்தால், காரணத்தோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அதே மாதிரி அடுத்த புத்தகம் வரும்போது அட்டவணையைத் திறக்கும் முன் அந்த நோட்டையும் உங்கள் நூற்பட்டியலையும் பாருங்கள்.