செயற்கை இடுப்பு மூட்டு தளர்கிறதா? எக்ஸ்ரே பார்ப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் செய்யும் பெரிய தவறு, பழைய எக்ஸ்ரேக்களைத் தொலைத்துவிடுவது. தளர்வு ஒரே படத்தில் பிடிபடுவது குறைவு. இரண்டு படங்களுக்கு இடையே என்ன மாறியது என்பதில்தான் தெரியும். அறுவை முடிந்த முதல் சில வாரங்களில் எடுக்கும் படமே அடிப்படை. அதை டிஜிட்டல் கோப்பாகவே வாங்கி வையுங்கள். செல்போனில் பிடித்த நகலில் 1 மி.மீ. கோட்டை அளக்க முடியாது. போன முறை எடுத்த படத்தோடு மட்டும் ஒப்பிடுவதும் போதாது: தொடை எலும்புக்குள் செருகிய உலோகத் தண்டு ஆண்டுக்கு அரை மி.மீ. இறங்கினாலும் ஒவ்வொரு முறையும் "மாற்றமில்லை" என்றே தோன்றும். முதல் படத்தோடு வைத்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

படம் எடுக்கும் விதத்திலும் கோளாறு வரும். தண்டின் நுனியும் அதற்குக் கீழே உள்ள சிமெண்டும் (தண்டை எலும்போடு பிடித்துவைக்கும் பசை) வெட்டுப்பட்ட படம் பாதிப் படம்தான். நுனியைச் சுற்றியுள்ள எலும்பில்தான் பல மாற்றங்கள் தெரியும். முன்பக்கப் படத்தோடு பக்கவாட்டுப் படமும் வேண்டும். முன்பக்கப் படத்தில் பாதங்கள் சுமார் 15 டிகிரி உள்நோக்கித் திரும்பியிருக்க வேண்டும். கால் வெளிப்பக்கம் திரும்பிவிட்டால் தொடை எலும்பின் உட்புறச் சிறு மேடான லெஸ்ஸர் ட்ரொக்கான்டர் பெரிதாகத் துருத்தித் தெரியும். இரண்டு படங்களிலும் அந்த மேடு ஒரே அளவில் இல்லையென்றால் மீதி அளவுகளை நம்பாதீர்கள்.

எக்ஸ்ரே உருவத்தைப் பெரிதாக்கும். பொதுவாக 15 முதல் 20 சதவீதம் வரை. படத்தில் நேராக அளந்து "6 மி.மீ. இறங்கிவிட்டது" என்று சொல்லக் கூடாது. பொருத்திய உலோகப் பந்தின் விட்டம் அறுவைக் குறிப்பில் இருக்கும். 32 மி.மீ. பந்து படத்தில் 38.4 மி.மீ. காட்டினால் பெருக்கம் 1.2, அப்போது அந்த 6 மி.மீ. உண்மையில் 5 மி.மீ.தான். அளப்பது தொடை எலும்பின் பெரிய மேட்டு நுனியிலிருந்து தண்டின் தோள் (மேல் வெளிமூலை) வரை. சாதாரண எக்ஸ்ரேயில் 2, 3 மி.மீ. வித்தியாசம் கால் திரும்பியதாலேயே வரலாம்.

அதிகம் தடுமாறுவது, எலும்புக்கும் பொருத்திய பாகத்துக்கும் (அல்லது சிமெண்டுக்கும்) நடுவே தெரியும் கறுப்புக் கோடுகளில். தண்டைச் சுற்றிய எலும்பை 7 மண்டலங்களாகப் பிரிக்கும் க்ரூயென் முறை 1979-இல் வந்தது. இடுப்பெலும்பில் பந்தை ஏந்தும் கிண்ணத்துக்கு 3 மண்டலம். ரிப்போர்ட்டில் "கோடு இருக்கிறது" என்று மட்டும் எழுதினால் அடுத்தவருக்குப் பயனில்லை. எந்த மண்டலத்தில், எத்தனை மி.மீ., முன்பு எவ்வளவு என்பது வேண்டும். 1 மி.மீ.க்கும் குறைவாக, ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்கும் கோடு பெரும்பாலும் கவலைக்குரியதல்ல. 2 மி.மீ.யை எட்டி, அகன்று, பக்கத்து மண்டலங்களுக்கும் பரவினால் சந்தேகம் வலுக்கும். சிமெண்ட் விரிசலும், கிண்ணம் சாய்ந்த கோணம் மாறுவதும் இன்னும் தெளிவான அடையாளம்.

எல்லாத் தண்டுக்கும் ஒரே அளவுகோல் வைப்பதும் தவறு. மெருகேற்றிய கூம்புத் தண்டு முதல் 2 ஆண்டுகளில் சிமெண்டுக்குள் 1 முதல் 2 மி.மீ. இறங்கும்படியே வடிவமைக்கப்பட்டது, தோளுக்கு மேலே தெரியும் மெல்லிய இடைவெளி அதனால்தான். சிமெண்ட் இல்லாத தண்டும் தொடக்கத்தில் சற்று இறங்கி நிலைகொள்ளலாம், ஆனால் இறக்கம் நிற்க வேண்டும். தண்டின் மேற்பகுதியில், 1-ஆம், 7-ஆம் மண்டலங்களில் எலும்பு மெலிவதைத் தளர்வு என்று படிப்பவர்கள் உண்டு. பாரத்தைத் தண்டே கீழே கடத்துவதால் மேலே வேலையற்ற எலும்பு மெலிகிறது, அவ்வளவுதான்.

"வலி இல்லையே, எதற்குப் படம்?" என்று விட்டுவிடாதீர்கள். கிண்ணத்தின் பிளாஸ்டிக் உள்பகுதியான பாலிஎத்திலீன் தேய்ந்து உதிரும் நுண்துகள்கள் எலும்பை அரிப்பது சத்தமில்லாமல் நடக்கும். பந்து கிண்ணத்தின் நடுவிலிருந்து மேல்நோக்கி நகர்ந்திருப்பது தேய்மானத்தின் தடயம். ஆண்டுக்கு 0.1 மி.மீ.க்கு மேல் தேய்ந்தால் அரிப்பு அபாயம் கூடுகிறது. உலோகக் கிண்ணத்துக்குப் பின்னால் உள்ள அரிப்பை எக்ஸ்ரே குறைத்தே காட்டும்; சந்தேகம் இருந்தால் சாய்வுப் படங்களோ சி.டி. ஸ்கேனோ தேவை. உலோகத்தோடு உலோகம் உரசும் வகை மூட்டில் படம் சுத்தமாக இருந்தாலும் சுற்றுத் தசைகள் கெட்டிருக்கலாம். இரத்தத்தில் கோபால்ட், குரோமியம் அளவையும் பார்க்க வேண்டும்.

தளர்வு தெரிந்தவுடன் "தேய்மானம்தான்" என்று முடிவு கட்டுவது ஆபத்து. கிருமித் தொற்றும் அதே படத்தைத்தான் காட்டும். மறு அறுவைக்கு முன் அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரத்தப் பரிசோதனைகளும், தேவைப்பட்டால் மூட்டு நீரை ஊசியால் எடுத்துச் சோதிப்பதும் அவசியம். அதற்கு முன் ஆன்டிபயாடிக் தொடங்கினால் கிருமி சோதனையில் அகப்படாமல் போகலாம்.

எக்ஸ்ரே கோரும் சீட்டில் அறுவை நடந்த தேதி, தண்டின் வகை, பந்தின் அளவு, வலி இருக்கும் இடம் நான்கையும் எழுதுங்கள். எழுந்து நடக்கும் முதல் சில அடிகளில் தொடையில் வலித்தால் தண்டின் மீதும், கவட்டையில் வலித்தால் கிண்ணத்தின் மீதும் கண் முதலில் போக வேண்டும்.