டிங்கிப் பந்தயத்துக்குப் புதியவரா? முதல் நாள் கரையில் நில்லுங்கள்

இங்கிலாந்தின் குடிநீர் நீர்த்தேக்கங்களிலும், சரளைக்கல் தோண்டி எடுத்தபின் நீர் நிரம்பிவிட்ட பெரிய பள்ளங்களிலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் பாய்ப்படகுகள் இறங்கிவிடும். ஒருவரோ இருவரோ ஓட்டும் இந்தச் சிறு படகுகளைத்தான் டிங்கி என்கிறார்கள். இவற்றைப் பந்தயம் விடும் கிளப்புகள் பலவற்றில் சம்பளத்துக்கு ஆள் கிடையாது. கொடி ஏற்றுபவர், மீட்புப் படகு ஓட்டுபவர், தேநீர் போடுபவர், உடைந்த குழாயைச் சரிசெய்பவர் எல்லாரும் உறுப்பினர்களே. ஒவ்வொருவருக்கும் ஆண்டில் சில நாள் டூட்டி உண்டு. புதியவர்கள் பலர் இந்த டூட்டியைச் சந்தாவோடு ஒட்டிவந்த சுமையாகப் பார்க்கிறார்கள். பந்தயம் கற்க அதைவிட நல்ல வகுப்பு இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதனால்தான் இந்த விளக்கம் கரையிலிருந்து தொடங்குகிறது.

படி 1: படகு வாங்காதீர்கள்

பிரிட்டனின் பாய்ப்படகுச் சங்கமான ராயல் யாட்டிங் அசோசியேஷனின் முதல் நிலை, இரண்டாம் நிலைப் பயிற்சிகள் ஒவ்வொன்றும் இரண்டு நாள். இரண்டையும் முடித்தால் மிதமான காற்றில் தனியாகப் படகோட்ட வரும். பந்தயத்துக்கு அது போதும். பல கிளப்புகளே இந்தப் பயிற்சியை நடத்துகின்றன. கிளப் படகை வாடகைக்கு எடுங்கள். அதைவிட நல்லது, ஈராள் படகு வைத்திருப்பவரிடம் துணை ஓட்டியாகச் சேர்வது. ஆள் வராமல் கரையிலேயே நிற்கும் படகு எந்தக் கிளப்பிலும் ஒன்றாவது இருக்கும். கேளுங்கள், மகிழ்ச்சியோடு ஏற்றிக்கொள்வார்கள்.

தனியாக ஓட்ட விரும்பினால் ஐஎல்சிஏ வகைப் படகு எளிதில் கிடைக்கும். முன்பு லேசர் என்று அழைக்கப்பட்டது இதுவே. ஒரே படகுடலில் மூன்று அளவுப் பாய்களைப் பொருத்தலாம். சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளில் ஓட்டியது நடு அளவுப் பாய். உடல் எடை குறைந்தவர்களும் புதியவர்களும் மிகச்சிறிய பாயில் தொடங்குவது நல்லது.

படி 2: பந்தயக் கூடத்தில் ஒரு காலை

அன்றைய பந்தய அதிகாரியிடம் போய், "உதவிக்கு இருக்கலாமா?" என்று கேளுங்கள். மறுக்கவே மாட்டார். கையில் பென்சிலும் தாளும் வந்துவிடும்.

முதலில் தொடக்க வரிசை. பந்தயத்துக்கு ஐந்து நிமிடம் முன்பு ஒலியோடு வகுப்புக் கொடி, அதாவது ஓடப்போகும் படகு வகைக்குரிய கொடி, ஏறும். நான்கு நிமிடம் இருக்கும்போது நீலத்தின் நடுவே வெள்ளைச் சதுரம் உள்ள ஆயத்தக் கொடி. ஒரு நிமிடம் இருக்கும்போது அது இறங்கும். வகுப்புக் கொடி இறங்கும் கணத்தில் பந்தயம் தொடங்குகிறது. யாராவது முந்திக் கோட்டைத் தாண்டிவிட்டால் வெள்ளையில் நீலச் சிலுவைக் கொடி ஏறும். அவர் திரும்பி வந்து மீண்டும் தொடங்க வேண்டும். யார் யார் என்று பிரித்தறிய முடியாத அளவு பலர் தாண்டியிருந்தால், நீல விளிம்பிட்ட மஞ்சள் முக்கோணக் கொடி. எல்லாருக்கும் மறு தொடக்கம். சில கிளப்புகள் மூன்று நிமிட வரிசையோ விளக்குகளோ வைத்திருக்கும். அறிவிப்புப் பலகையில் பாருங்கள்.

கூடத்திலிருந்து பார்க்கும்போது கோடு என்பது ஒரு கம்பமும் தூரத்து மிதவையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும் பார்வைதான். நிழல்போல ஒரு படகின் அணியம் (முன்முனை) அந்தப் பார்வையை வெட்டினால் தாண்டிவிட்டது. இதைக் கண்ணால் பார்த்த பிறகு, பெரும்பாலோர் கோட்டுக்கு எவ்வளவு பின்தங்கித் தொடங்குகிறார்கள் என்பதும் தெரிந்துவிடும். படகில் இருப்பவருக்குக் கோடு எப்போதும் மிக அருகில் இருப்பதாகவே தோன்றும்.

பிறகு முடிவு. மூன்று படகுகள் சேர்ந்தாற்போல் வரும். ஒருவர் பாய் எண்ணைப் படிப்பார், ஒருவர் நேரம் சொல்வார், நீங்கள் எழுதுவீர்கள். வெவ்வேறு வகைப் படகுகள் ஒன்றாக ஓடுவதால் போர்ட்ஸ்மத் யார்ட்ஸ்டிக் என்ற எண்ணைக் கொண்டு நேரத்தைச் சமன்செய்கிறார்கள். எடுத்த நேரத்தை ஆயிரத்தால் பெருக்கிப் படகின் எண்ணால் வகுக்க வேண்டும். பெரிய பாய் ஐஎல்சிஏவின் எண் 1100, டாப்பர் படகின் எண் 1360 என்று வைத்துக்கொள்வோம் (அசல் எண்கள் இவற்றை ஒட்டியவையே). முதலாவது 44 நிமிடத்தில் முடித்தால் திருத்திய நேரம் 40 நிமிடம். டாப்பர் 54 நிமிடம் 24 நொடியில் வந்தாலும் அதே 40 நிமிடம். டாப்பரில் பத்து நிமிடம் பின்னால் வரும் சிறுமி வெல்லக்கூடும் என்பது இந்த ஒரு கணக்கிலேயே விளங்கிவிடும்.

படி 3: பந்தய நாள்

ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள். மிதவைச் சட்டை கட்டாயம். வசந்த காலத்திலும் நீர் நடுங்கவைக்கும் என்பதால் வெட்சூட் (உடலோடு ஒட்டிக் குளிர் தடுக்கும் ரப்பர் உடை) அணியுங்கள். படகின் பின்புறத் துளையை அடைக்கும் திருகடைப்பு இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். பதிவுத் தாளில் பெயரும் பாய் எண்ணும் எழுதுங்கள். பலகையில் உள்ள பாதையை, எந்த மிதவையை எந்தப் பக்கம் விட்டுச் சுற்ற வேண்டும் என்பதோடு, மெழுகுப் பென்சிலால் படகின் மேல்தளத்தில் எழுதிக்கொள்ளுங்கள். காற்று பலமாக இருந்து மனம் தயங்கினால் இறங்க வேண்டாம். போட்டியிடுவதா என்ற முடிவு படகோட்டியுடையதே என்று பந்தய விதியே சொல்கிறது.

படி 4: நான்கு விதிகள் போதும்

காற்று வலப்பக்கத்திலிருந்து அடிக்கும் படகுக்கு, அதாவது ஸ்டார்போர்டு டாக்கில் வருபவருக்கு, எதிர்ப்பக்கக் காற்றில் வருபவர் வழிவிட வேண்டும். இருவரும் ஒரே டாக்கில், அதாவது ஒரே பக்கக் காற்றில், பக்கம் பக்கமாகப் போனால், காற்று முதலில் படும் படகு விலக வேண்டும். பின்னால் வருபவர் முன்னால் போகிறவரை இடிக்கக் கூடாது. மிதவையை மூன்று படகு நீளத்துக்குள் நெருங்கும்போது உட்புறம் இருப்பவருக்குச் சுற்ற இடம் தர வேண்டும். தவறினால் உடனே விலகிப்போய் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். மிதவையைத் தொட்டுவிட்டால் ஒரு சுற்று. நடுவர் யாரும் அருகில் இல்லை. தண்டனையை ஓட்டுபவரே எடுத்துக்கொள்கிறார். இந்த விளையாட்டில் என்னை மிகவும் ஈர்ப்பது இதுதான்.

படி 5: தொடங்கிய பிறகு

முதல் பந்தயத்தில் நெரிசலுக்குள் நுழையாதீர்கள். கோட்டின் நடுப்பகுதியில், சற்றுப் பின்னால், பாயில் காற்று நிறைந்த நிலையில் வேகத்தோடு தாண்டுங்கள். முதல் மிதவை காற்று வரும் திசையில் இருக்கும்; நேரே போக முடியாது. மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளைப் போல இங்கும் அங்குமாகத் திரும்பித்தான் ஏற வேண்டும். பாயில் ஒட்டிய சிறு கம்பளி நூல்கள் இருபுறமும் பின்னோக்கி நேராக ஓடினால் படகு சரியான கோணத்தில் போகிறது. உங்கள் பக்க நூல் துள்ளினால் காற்றுக்கு மிக நெருங்கிவிட்டீர்கள். டில்லரை (சுக்கானைத் திருப்பும் பிடியை) சற்று உங்கள் பக்கம் இழுங்கள்.

கவிழ்ந்தால் பாய்க்கயிற்றைத் தளர்த்துங்கள். படகை விட்டு நீந்திப் போகாதீர்கள். அணியம் காற்றைப் பார்க்கும்படி படகைத் திருப்பி, படகின் அடியிலிருந்து நீட்டியிருக்கும் பலகையில் ஏறி நின்று, பின்னுக்குச் சாயுங்கள். மீட்புப் படகு அருகில் வந்து நிற்கும். உதவி வேண்டாம் என்றால் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுங்கள். வேண்டுமென்றால் தயங்காமல் கேளுங்கள். அதில் இருப்பவரும் போன வாரம் பந்தயத்தில் ஓடியவரே.

படி 6: கரைக்கு வந்தபின்

படகைக் கழுவி, துளையைத் திறந்து நீரை வடியவிட்டு, பதிவுத் தாளில் கரைசேர்ந்ததைக் குறியுங்கள். உங்கள் பெயருக்கு எதிரே குறி இல்லாவிட்டால் மீட்புப் படகு உங்களைத் தேடிக் கிளம்பும். அடுத்தவர் படகைச் சரிவில் ஏற்றக் கைகொடுங்கள். பிறகு உணவறையில் உட்காருங்கள். உங்களுக்கு முன்னால் வந்தவரிடம், "இரண்டாம் மிதவைக்கு ஏன் இடப்பக்கம் போனீர்கள்?" என்று கேட்டால், உப்பு டப்பாவையும் கரண்டியையும் வைத்து அரை மணி நேரம் விளக்குவார்.

புறப்படுவதற்கு முன் டூட்டிப் பட்டியலைப் பாருங்கள். உங்கள் நாளில் வர முடியாது என்று தெரிந்தால், செயலாளரிடம் சொல்லிவிட்டு ஒதுங்காமல், நீங்களே ஒருவரைக் கேட்டு நாளை மாற்றிக்கொண்டு, இரண்டு பெயர்களையும் பட்டியலில் திருத்திவிடுங்கள்.