காமாலை பரவும்போது பீலித் தண்ணீரோடு விசாரணையை முடித்துவிடாதீர்கள்

தோட்டத்தில் நாலு பேருக்குக் கண் மஞ்சளானதும் எல்லோருக்கும் முதல் சந்தேகம் பீலி மேல்தான், அதாவது ஊற்றுத் தண்ணீர் வந்து விழும் பொதுக் குழாய் மேல்தான். போத்தலில் தண்ணீர் பிடித்து அனுப்புவார்கள். "கிருமி இல்லை" என்று அறிக்கை வந்தால் விசாரணையும் அதோடு நின்றுவிடும். மலையகத்தில் நோயின் மூலத்தைத் தேடும்போது நடக்கக்கூடிய மிகப் பெரிய தவறு இது.

காமாலையை உண்டாக்கும் ஹெப்படைட்டிஸ் ஏ வைரஸ் உடம்புக்குள் போய் 15 முதல் 50 நாள், சராசரியாக 28 நாள் கழித்தே நோய் தெரியும். இன்றைக்குப் பிடித்த தண்ணீர், போன மாதம் குடித்த தண்ணீரைப் பற்றி என்ன சொல்லும்? இடையில் மழை கொட்டியிருக்கும், யாராவது தொட்டியில் குளோரின் போட்டிருப்பார்கள், உடைந்த குழாயைக் கட்டியிருப்பார்கள். ஆய்வுகூடம் வழக்கமாகத் தேடுவதும் மலக் கலப்புக்கு அடையாளமான கோலிஃபார்ம் பாக்டீரியாவைத்தான். அது இல்லாத தண்ணீரிலும் வைரஸ் இருக்கலாம்.

ஆகவே திகதியைப் பிடியுங்கள். டிஸ்பென்சரிக்கு வந்த திகதி போதாது. காய்ச்சலோ வாந்தியோ தொடங்கிய திகதி வேண்டும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணி, அந்த நாட்களில் என்ன நடந்தது என்று கேளுங்கள்: கோயில் திருவிழா, சடங்கு வீட்டுச் சாப்பாடு, மண்சரிவு, குழாய் உடைந்தது. சில வாரங்களுக்குள் கூட்டமாக விழுந்திருந்தால் பொதுவான ஒரு மூலம் இருக்க வாய்ப்பு அதிகம். மாதக்கணக்கில் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தால் ஆளுக்கு ஆள் தொற்றுவதை யோசியுங்கள்.

நோயாளிகளை மட்டும் கேட்பது அடுத்த தவறு. "எல்லாரும் பீலித் தண்ணிதான் குடிச்சோம்" என்பார்கள். நோய் வராத பக்கத்துக் காம்பராக்காரர்களும் (லயத்தின் அடுத்த அறைக்காரர்களும்) அதையே குடித்திருந்தால் அந்தப் பதிலை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எண்ணிக்கையும் இப்படியே ஏமாற்றும். கீழ் டிவிஷனில் 15 பேர், மேல் டிவிஷனில் 12 பேர் என்று வைத்துக்கொள்வோம். கீழே குடியிருப்போர் 300, மேலே 60 என்றால் கீழே 5 வீதம், மேலே 20 வீதம். முதலில் மேலேதான் ஏற வேண்டும்.

பிள்ளைக் காம்பராவை, அதாவது பெற்றோர் வேலைக்குப் போகும்போது சின்னப் பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடத்தை, விட்டுவிடாதீர்கள். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் கண் மஞ்சளாவதே இல்லை. ஆனாலும் அவர்களின் மலத்தில் வைரஸ் வெளியேறும்.

சந்தேகம் வந்ததுமே, தொற்றுநோயை அறிவிக்கும் எச் 544 படிவம் சுகாதார வைத்திய அதிகாரிக்குப் போக வேண்டும். இரத்தப் பரிசோதனை முடிவுக்காக அதை வைத்திருக்கக் கூடாது. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லவும் எந்த முடிவும் தேவையில்லை.

கடைசியாக, எனக்குக் கோபம் வரும் ஒன்று: "சுத்தமில்லாத சனம்" என்பதையே காரணமாக எழுதுவது. ஒரு குழாயை எத்தனை குடும்பம் பாவிக்கிறது, மலசலகூடக் குழி ஊற்றுக்கு மேட்டிலா பள்ளத்திலா, இடையில் எத்தனை மீட்டர் என்று அளந்து எழுதுங்கள். தோட்ட நிர்வாகத்திடமும் பிரதேச சபையிடமும் அந்தக் கணக்கை வைத்துத்தான் குழாயும் குழியும் கேட்க முடியும்.