பழைய பெட்டியில் கிடைக்கும் ஜப்பானியக் கையெழுத்துக் கொடியைப் பாதுகாத்து உரியவர்களிடம் சேர்க்கும் முறை

இரண்டாம் உலகப் போரின்போது காவிரிப் படுகையிலிருந்தும் இளைஞர்கள் பட்டாளத்தில் சேர்ந்து பர்மா முனைக்குச் சென்றார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்குப் பிழைக்கப் போயிருந்தவர்கள், 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின் ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் ஜப்பானிய ஆட்சியில் வாழ நேர்ந்தது. ஆகவே மன்னார்குடியிலோ திருவாரூரிலோ பாட்டனாரின் டிரங்குப் பெட்டியைத் திறக்கும்போது, நடுவில் சிவப்பு வட்டமும் அதைச் சுற்றிக் கறுப்பு மையில் எழுத்துகளும் கொண்ட வெள்ளைத் துணி ஒன்று கிடைத்தால் அதில் வியப்பில்லை.

அது பெரும்பாலும் படைப்பிரிவின் கொடியாக இராது. தனி ஒருவரின் உடைமை. போருக்குப் புறப்படும் ஜப்பானிய இளைஞனுக்காக வீட்டார், அண்டை அயலார், பள்ளித் தோழர்கள், உடன் வேலை செய்தோர் ஆகியோர் தூரிகையால் தம் பெயர்களை எழுதிக் கொடுத்தது அது. அவன் அதை மடித்து உடலோடு ஒட்டி எடுத்துச் சென்றான். வெளிநாட்டுப் போர்முனைகளில் இறந்த சுமார் 24 லட்சம் ஜப்பானியர்களில் 11 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் எலும்புகூட ஊர் திரும்பவில்லை. அஸ்திக்குப் பதிலாகக் கல்லோ, பெயர் எழுதிய தாளோ வைத்த பெட்டியைப் பெற்றுக்கொண்ட வீடுகள் உண்டு. அஸ்தியைக் காவிரியில் கரைத்தால்தான் கடன் தீரும் என்று எண்ணும் நம் மக்களுக்கு, அந்தத் துணி அந்த வீட்டாருக்கு என்னவாக இருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. எனவே அதை விற்கக் கூடாது என்பதும், இயன்றால் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து.

முதலில் செய்யக் கூடாதவற்றைச் சொல்லிவிடுகிறேன். துணியைத் துவைக்க வேண்டாம். நீர் பட்டால் வட்டத்தின் சாயமும் சிவப்பு முத்திரைகளும் கலைந்து பரவக்கூடும், எழுத்தின் மையும் பாதிக்கப்படலாம். பழுப்பு நிறக் கறை இரத்தமாகவே இருந்தாலும் அப்படியே இருக்கட்டும். இஸ்திரி போடுவது, கிழிசலைத் தைப்பது, ஒட்டுநாடா ஒட்டுவது, லேமினேஷன் செய்வது, கண்ணாடிச் சட்டமிட்டு வெயில் விழும் சுவரில் மாட்டுவது ஆகிய அனைத்தும் கேடு. துணி பட்டா, பருத்தியா, ரேயானா என்று தெரிய விரும்பினால் திருபுவனத்து நெசவாளர் ஒருவரிடம் காட்டலாம். ஆனால் அவர் அன்போடு இழையோட்டித் தர முன்வந்தாலும் மறுத்துவிட வேண்டும்.

கைகளைக் கழுவி நன்கு உலர்த்திய பின், மின்விசிறியை நிறுத்திவிட்டு, வெள்ளை வேட்டி விரித்த மேசையில் கொடியை மெல்லப் பிரியுங்கள். மடிப்பு விறைத்திருந்தால் இழுக்க வேண்டாம். நேர் வெயில் படாத சன்னல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல், மேலிருந்து முழுக் கொடியையும் ஒரு படம் எடுத்து, பிறகு பகுதி பகுதியாக ஒவ்வொரு கையெழுத்தும் தெளிவாகத் தெரியும்படி எடுங்கள். ஓரங்களில் உள்ள தோல் துண்டு, கட்டுக்கயிறு, கோயில் முத்திரை ஆகியவற்றையும் விடாதீர்கள்.

பெரிய எழுத்தில் நான்கு சொற்குறிகள் தென்பட்டால் அவை பெரும்பாலும் "புஉன் ச்சோக்யூ" என்னும் போர்முனை நல்வாழ்த்தாக இருக்கும். அக்காலத்தில் கிடைவரிசையை வலமிருந்து இடமாக எழுதினார்கள். கொடிக்கு உரியவரின் பெயர் வழக்கமாக ஓர் ஓரத்தில் மேலிருந்து கீழாகப் பெரிதாக இருக்கும். கோயில், பள்ளி, நிறுவனம் இவற்றின் பெயர்களே ஊரைக் கண்டறிய உதவும் துப்பு. எழுத்துகள் பழைய வடிவிலும் கூட்டெழுத்திலும் இருப்பதால் இன்றைய ஜப்பானிய இளைஞர்களுக்கே படிப்பது கடினம். கைபேசிச் செயலி தரும் விடையை நம்பிவிடக் கூடாது.

அதே அளவு கவனம் நம் பக்கத்துச் செய்திக்கும் வேண்டும். கொண்டுவந்தவர் எந்தப் படைப்பிரிவில் இருந்தார், கொஹிமாவிலா, இம்பாலிலா, மலாயாவிலா என்பதைப் பெரியவர்களிடம் கேட்டும், டிஸ்சார்ஜ் சான்று, ஓய்வூதியத் தாள், பதக்கம் ஆகியவற்றைப் பார்த்தும் எழுதி வையுங்கள். இடமும் ஆண்டும் தெரிந்தால் அங்கே போரிட்ட ஜப்பானியப் பிரிவையும், அதன் வழியே ஆட்களைத் திரட்டிய மாவட்டத்தையும் தேடுவது எளிதாகும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் வீடுகளில் ஈரம் ஏறும். பூஞ்சையும் ராமபாணப் பூச்சியும் துணியை அரிக்கும். கஞ்சி போடாத, நன்கு அலசிய மல் துணியைச் சுற்றிய குழலின்மேல் கொடியைத் தளர்வாகச் சுருட்டி, இன்னொரு மல் துணியால் மூடி, தரையிலிருந்து உயரமான அலமாரியில் வையுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தைச் சிறைப்படுத்தும். வேப்பிலையோ அந்துருண்டையோ துணிமேல் படக் கூடாது. மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை நிழலில் பிரித்துப் பாருங்கள்.

திருப்பி அனுப்ப, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 2009 முதல் இயங்கிவரும் ஓபான் சொசைட்டி என்ற அமைப்பை அணுகலாம். அவர்கள் கட்டணமின்றிக் குடும்பத்தைத் தேடித் தருகிறார்கள். சென்னையில் உள்ள ஜப்பான் துணைத் தூதரகத்துக்கும் எழுதி வழி கேட்கலாம். முதலில் படங்களை மட்டும் அனுப்புங்கள். அவர்கள் கேட்கும்வரை கொடி உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். அனுப்பும்போது பதிவு செய்த, கண்காணிப்பு எண் உள்ள அஞ்சலில் அனுப்பி, அதைக் கொண்டுவந்தவரின் பெயரையும், உங்கள் வீட்டில் அது இருந்த கதையையும் தமிழில் எழுதி, ஆங்கில மொழிபெயர்ப்போடு உள்ளே வையுங்கள்.