திங்கட்கிழமை மூன்ஸ்டர் போகாதீர்கள்: ஒரு வட்டார அருங்காட்சியகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் முறை நான் மூன்ஸ்டர் போனது ஒரு திங்கட்கிழமை. ஜெர்மனியில் பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை என்பது எனக்குத் தெரியும். அன்றைக்குத் திங்கள் என்பதுதான் மறந்துபோயிருந்தது. பூட்டிய கதவின் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். முதல் தவறை நானே செய்து பார்த்தாயிற்று; அந்தத் தகுதியில் மற்றதையும் சொல்லிவிடுகிறேன்.

பேராலயச் சதுக்கத்தின் ஓரத்தில் 1908-இல் திறந்த அருங்காட்சியகம் இது. வெஸ்ட்ஃபாலியா வட்டாரத்தின் கலையும் பண்பாடும்தான் இதன் பொருள். பழைய கட்டடத்தோடு ஒட்டி, ஃபோல்கர் ஷ்டாப் என்ற கட்டடக் கலைஞரின் நிறுவனம் வடிவமைத்த புதிய பகுதி 2014-இல் திறந்தது. பழைய பயணக் கையேடுகளில் பெயர் வேறாக இருக்கும். இப்போதைய பெயர் 'எல்.டபிள்யூ.எல். கலை மற்றும் பண்பாட்டு அருங்காட்சியகம்' (எல்.டபிள்யூ.எல். என்பது இதை நடத்தும் வெஸ்ட்ஃபாலியா-லிப்பே வட்டார நிர்வாக அமைப்பின் சுருக்கப் பெயர்). இதே ஊரில் நகர அருங்காட்சியகம் ஒன்று தனியாக உண்டு, பிக்காசோ அருங்காட்சியகம் ஒன்றும் உண்டு. மூன்றையும் குழப்பிக்கொண்டு வருபவர்கள் ஏராளம். 1648 வெஸ்ட்ஃபாலியா அமைதி உடன்படிக்கைக்காக நெதர்லாந்துத் தூதர் ஆட்ரியான் பாவ் ஊருக்குள் வண்டியில் வருகிறாரே, தெர்போர்க் வரைந்த அந்த ஓவியம் இருப்பது நகர அருங்காட்சியகத்தில். மண்ணைத் தோண்டி எடுத்த தொல்பொருட்களுக்கோ 2003 முதல் ஹெர்னே என்ற ஊரில் தனி அருங்காட்சியகம் இருக்கிறது. இங்கே வந்து கற்கோடரியைத் தேடாதீர்கள்.

சரி, பெரிய தவறுக்கு வருவோம். பாரிஸ், லண்டன் போல நினைத்துக்கொண்டு உள்ளே நுழைவதுதான் அது. உலகப் புகழ்பெற்ற படம் எந்த அறையில் என்று கேட்டு, அதன் முன்னால் ஒரு படம் எடுத்துக்கொண்டு வெளியேறுவது இங்கே பலிக்காது. வட்டார அருங்காட்சியகம் என்பது ஒரு ஊர் தன் கதையைத் தானே சொல்லிக்கொள்ளும் இடம். அந்தக் கதையில் ஒரு நூலையாவது பிடித்துக்கொள்ளாமல் போனால், மரச்சிலையும் பலிபீடப் படமும் ஒன்றுபோலத் தெரிய ஆரம்பித்து, நாலாவது அறையில் கால் வலிக்கும்.

எனக்குக் கிடைத்த நூல் உடைந்த கற்சிலைகள். 1534-இல் அனாபாப்டிஸ்டுகள் இந்த நகரத்தைக் கைப்பற்றினார்கள். குழந்தைக்குத் தரும் ஞானஸ்நானம் செல்லாது, வளர்ந்த பிறகுதான் பெற வேண்டும் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் அவர்கள். தேவாலயங்களில் சிலை இருப்பது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஊபர்வாஸர் தேவாலயத்தின் வாசலில் இருந்த 14-ஆம் நூற்றாண்டுச் சிலைகளை இறக்கி, நகரை மீட்க முற்றுகையிட்ட ஆயரின் (பிஷப்பின்) படையைத் தடுக்கும் அரணுக்குள் போட்டு மூடினார்கள். 1535-இல் நகரம் வீழ்ந்தது. சிலைகள் மண்ணுக்குள்ளேயே கிடந்து, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் வெளியே வந்தன. இப்போது இந்த அருங்காட்சியகத்தில் நிற்கின்றன. இந்தக் கதை தெரியாதவருக்கு அவை பழுதான சிலைகள். தெரிந்தவர் உடைந்த இடத்தைத்தான் முதலில் பார்ப்பார். அப்புறம் கிளர்ச்சித் தலைவர் யான் வான் லெய்டனின் முகம் எப்படி இருந்தது என்று தேடத் தோன்றும். அதை 1536-இல் செதுக்கி அச்சிட்டவர் ஹைன்ரிஷ் ஆல்டெக்ரேவர் என்ற வெஸ்ட்ஃபாலியக் கலைஞர்.

இன்னொரு நூல் ஆகுஸ்ட் மாக்கே. இவரும் வட்டாரத்துக்காரர்தான், 1887-இல் மெஷெடேயில் பிறந்தவர். 1912-இல் பான் நகரில் இருந்த அவருடைய மாடி ஓவியக்கூடத்துக்கு நண்பர் ஃபிரான்ஸ் மார்க் வந்திருந்தார். இருவரும் சேர்ந்து சுவரிலேயே 'சொர்க்கம்' என்ற படத்தை வரைந்தார்கள், ஏறத்தாழ 4 மீட்டர் உயரத்துக்கு. இரண்டே ஆண்டுகளில் போர் வந்தது. மாக்கே 1914-இல் 27 வயதில் போர்முனையில் இறந்தார். மார்க் 1916-இல் வெர்டனில். அந்தச் சுவர்ப்படத்தைப் பின்னாளில் பெயர்த்தெடுத்து மூன்ஸ்டருக்குக் கொண்டுவந்தார்கள். பானில் மாக்கே வாழ்ந்த வீட்டில் இருப்பது நகல். பலர் இதை ஒரு பெரிய ஓவியம் என்று மட்டும் நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். கொஞ்சம் பின்னால் தள்ளி நின்று, சாய்ந்த கூரைக்குக் கீழே இரண்டு இளைஞர்கள் ஏணி போட்டு வரைவதை நினைத்துப் பாருங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிட நினைப்பதும் தவறுதான். இடைக்காலம், மாக்கேயின் காலம், 1945-க்குப் பிறகு என்று ஏதாவது இரண்டைத் தேர்ந்துகொள்ளுங்கள். நுழைவுச்சீட்டு வாங்கும்போது, நிரந்தரத் தொகுப்புக்கா சிறப்புக் கண்காட்சிக்கா என்று கேட்டுக்கொள்வது நல்லது. பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கட்டணம் இல்லை. குடும்பத்தோடு போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் தயங்குகிறார்கள். முதுகுப்பையை மாட்டிக்கொண்டே சுற்ற விடமாட்டார்கள், பெட்டகத்தில் வைத்துவிடுங்கள். பெட்டகத்துக்குச் சில்லறை நாணயம் கையில் இருந்தால் நல்லது. ஃபிளாஷ் வேண்டாம். சிலையை விரலால் சுட்டிக்காட்டும்போது கை எவ்வளவு அருகே போகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர்க் கோயில் பழக்கத்தில் கை தானாகவே தொடப் போகும்.

தமிழர்களுக்கென்று ஒன்று. ஹம் காமாட்சி அம்பாள் கோயிலுக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் நம்மவர்கள் வருகிறார்கள். 2002-இல் குடமுழுக்கு நடந்த அந்தக் கோயிலும் இதே வெஸ்ட்ஃபாலியாவில்தான் இருக்கிறது. ஹம்மிலிருந்து மூன்ஸ்டருக்கு ரயிலில் அரை மணி நேரம் போல. தேரைப் பார்த்த கையோடு ஊர் திரும்பிவிடுகிறார்கள். திருவிழா நாளில் கூட்டத்தோடு வந்தால் வேண்டாம். ஒரு நாள் கூடுதலாகத் தங்கினால் இந்த அருங்காட்சியகத்தையும் பார்த்துவிடலாம்.

சதுக்கத்துக்கு எந்த நாளில் வருகிறீர்கள் என்பதும் முக்கியம். புதனும் சனியும் பேராலயத்தைச் சுற்றிச் சந்தை கூடும். அமைதியாக நடக்க நினைப்பவருக்கு அது தொல்லை, என்னைப் போலச் சாப்பிடவும் சேர்த்து வருபவருக்கு வரம். நண்பகலுக்குள் பேராலயத்துக்குள் போய் வானியல் கடிகாரத்தின் முன்னால் நில்லுங்கள். 1540-களில் செய்தது, முள் இடப்பக்கமாகச் சுற்றும், நாட்காட்டி 2071 வரை எழுதியிருக்கிறது. பன்னிரண்டு மணிக்கு அதிலுள்ள மூன்று அரசர்களின் பொம்மைகள் மரியாளுக்கு முன்னால் வணங்கிச் செல்லும் (ஞாயிறன்று பன்னிரண்டரைக்கு). இந்தக் கடிகாரத்துக்கு ஓவியம் தீட்டியவர் மூத்த லுட்கர் டோம் ரிங். அந்தக் குடும்பத்தார் வரைந்த படங்களை அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். கடிகாரத்தை முதலில் பார்த்துவிட்டுப் போனால் அந்தப் பெயர் அறிமுகமானதாக இருக்கும்.

மழைக்கு ஒரு குடை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்ஸ்டரில் ஒன்று மழை பெய்யும், இல்லை மணி அடிக்கும். இரண்டும் சேர்ந்து வந்தால் அன்று ஞாயிற்றுக்கிழமை என்று ஊர்க்காரர்களே சொல்வார்கள். செந்நிறக் கல் பாவிய தடம் நடைபாதை இல்லை, சைக்கிள் பாதை. அதில் நின்று வரைபடம் பார்க்காதீர்கள்.

கடைசித் தவறு, கட்டடத்தோடு அருங்காட்சியகம் முடிந்துவிட்டது என்று நினைப்பது. 1977 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் சிற்பக் கண்காட்சியால் நகரமே கூடமாகிவிட்டது, அடுத்தது 2027-இல். ஆனால் நடுவில் வந்தாலும் குறையில்லை, பல படைப்புகள் அப்படியே இருக்கின்றன. ஆஸே ஏரிக்கரையில் கிளாஸ் ஓல்டன்பர்க்கின் மூன்று பெரிய கான்கிரீட் பந்துகள் கிடக்கின்றன. 1977-இல் மாணவர்கள் அவற்றை ஏரிக்குள் உருட்டிவிடப் பார்த்தார்களாம்.

எனவே மாலை ஆறு மணி ரயிலுக்கு ஓடாதீர்கள். இருட்டிய பிறகு லம்பெர்ட்டி தேவாலயத்தின் கோபுரத்தை அண்ணாந்து பாருங்கள். 1536-இல் யான் வான் லெய்டனையும் அவருடைய இரண்டு தோழர்களையும் கொன்று, உடல்களை வைத்துத் தொங்கவிட்ட மூன்று இரும்புக் கூண்டுகள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. 1987 சிற்பக் கண்காட்சிக்காக லோத்தார் பாவும்கார்ட்டன் ஒவ்வொரு கூண்டுக்குள்ளும் ஒரு சிறிய விளக்கைப் பொருத்தினார். பொழுது சாய்ந்ததும் மங்கலாக எரியத் தொடங்கும், விடியும்வரை எரியும்.