நிரல் எழுத்திலிருந்து கையேட்டு எழுத்துக்கு

கோவையின் சரவணம்பட்டியிலோ பீளமேட்டிலோ சில ஆண்டுகள் நிரல் எழுதிய பின், கையேடுகளும் வழிகாட்டிகளும் எழுதும் தொழில்நுட்ப எழுத்துக்கு மாற விரும்புபவர், அவசரப்பட்டு வேலையை விட வேண்டாம். இருக்கும் அலுவலகத்திலேயே யாரும் தொடாமல் கிடக்கும் ரீட்மீ கோப்புகளையும் (மென்பொருளின் அறிமுகக் குறிப்புகள்), ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் இடைமுகம்) விளக்கங்களையும் கேட்டு வாங்கி எழுதுங்கள். கோப்பு மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட், எளிய குறியீடுகளால் உரையை வடிவமைக்கும் மார்க்டவுன் இரண்டும் உங்களுக்கு ஏற்கெனவே கைவந்தவை. எடுத்துக்காட்டு நிரலைத் தானே ஓட்டிச் சரிபார்க்கும் எழுத்தாளருக்கு மதிப்பு அதிகம்.

தமிழ் வழியில் படித்த பலர் தம் ஆங்கிலத்தை எண்ணித் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் தேவையற்றது. விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்காக உருவான எளிய ஆங்கில விதிமுறை, செய்முறை வாக்கியம் 20 சொற்களைத் தாண்டக் கூடாது என்றே சொல்கிறது.

உண்மையில் கடினமானது, நமக்குத் தெரிந்தது படிப்பவருக்கும் தெரியும் என்ற நினைப்பை விடுவதுதான். மூன்று ஃபேஸ் பம்ப்செட் ஒன்றின் கையேட்டில், “சுழலும் திசை தவறாக இருந்தால் ஏதேனும் இரண்டு ஃபேஸ் ஒயர்களை இடம் மாற்றி இணைக்கவும், அதற்கு முன் மின்சாரத்தைத் துண்டிக்கவும்” என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். தகவலில் பிழையில்லை. ஆனால், தோட்டத்துக் கிணற்று மேட்டில் நின்று வரிவரியாகப் படித்துச் செய்பவர், பின்பாதியை எட்டுவதற்குள் ஒயரில் கை வைத்திருப்பார். ஆகவே மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்வது முதல் வரியாக வர வேண்டும். திசை தவறினால் தண்ணீர் குறைவாக வரும் என்ற அடையாளத்தையும் சொல்ல வேண்டும். எழுதியதை அந்தப் பொருளைப் பற்றி அறியாத ஒருவரிடம் கொடுத்து, நீங்கள் வாய் திறக்காமல் அருகில் அமர்ந்து, அவர் எங்கே தயங்குகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். இதற்கு ஈடான பயிற்சி எனக்குத் தெரிந்து வேறில்லை.

வேலை தேடும்போது காட்ட, நீங்கள் எழுதிய மாதிரிகள் மூன்று போதும்: ஒரு ஏபிஐ வழிகாட்டி, ஓர் இயந்திரக் கையேடு, ஒரு வணிக முன்மொழிவு. ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் இயந்திரத்துடன் பயன்பாட்டுக் குறிப்புகள் இருந்தாக வேண்டும் என்பது அங்குள்ள சட்டம் என்பதால், ஏற்றுமதி செய்யும் கோவைத் தொழிற்சாலைகளையும் அணுகலாம். முன்மொழிவைத் திருப்பூர்ப் பின்னலாடை ஏற்றுமதியாளர் ஒருவரை மனத்தில் வைத்து எழுதுங்கள்; அவருக்கு விற்க நினைக்கும் மென்பொருளின் செலவும், நிறுவ ஆகும் நாட்களும், எந்த வேலை குறையும் என்பதும் முதல் பத்தியிலேயே இருக்கட்டும். கூகுள் இலவசமாக வழங்கும் தொழில்நுட்ப எழுத்துப் பாடங்களை இடையே முடித்துவிடலாம். நேர்காணலுக்குச் செல்லும்போது, இறுதி வடிவத்தோடு, தயங்கிய இடங்களைக் குறித்த முதல் வரைவையும் எடுத்துச் செல்லுங்கள்.