திட்ட நிதி நின்று களப்பணி போனால்

சேவை நிறுவனத்தில் வேலை போகும்போது சம்பளத்தோடு, வாரம் தவறாமல் பார்த்துவந்த குடும்பங்களும் ஒரே நாளில் கைவிட்டுப் போகின்றன. ஆகவே தீர்க்க வேண்டிய கணக்கு இரண்டு: நிறுவனத்தோடு ஒன்று, மக்களோடு ஒன்று.

முதலாவது எளிது. நீட்டிய காகிதத்தில் அன்றே கையெழுத்துப் போடாமல், வாங்கிப்போய் நிதானமாகப் படியுங்கள். வேலை போனதற்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ‘திட்ட நிதி முடிந்தது’ என்ற ஒரு வரி அடுத்த நேர்காணலில் பாதி விளக்கத்தை மிச்சப்படுத்தும். அனுபவச் சான்று, கடைசிச் சம்பளம், விதியில் இருந்தால் எடுக்காத விடுப்புக்கான தொகை ஆகியவற்றையும் கேட்டு வாங்குங்கள். பலர் கோட்டைவிடுவது பயணச் செலவில்தான். திட்டக் கணக்கை மூடிய பிறகு பழைய ரசீதுக்குப் பணம் பெயர்வது கடினம்; முதல் வாரமே கொடுத்துவிடுங்கள்.

மின்னஞ்சல் முடங்குவதற்குள் எத்தனை முகாம், எத்தனை குடும்பம், எவ்வளவு நிதி கையாண்டீர்கள் என்ற எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். பயனாளிகளின் பெயரையோ எண்ணையோ நகலெடுக்க வேண்டாம். நிறுவனத்தை நம்பிக் கொடுத்த விவரங்கள் அவை.

மக்களோடு கணக்குத் தீர்ப்பதுதான் கடினம். விடைபெற அனுமதி கேளுங்கள். கிடைக்காவிட்டால் சக ஊழியர் வழியாகவாவது சேதி போகட்டும். சொல்ல வேண்டியது மூன்றுதான்: எந்தத் தேதியோடு நிற்கிறேன், இனி யார் வருவார், எது பாக்கி இருக்கிறது. ‘மறுபடி வருவேன்’ என்று மட்டும் சொல்லாதீர்கள்; சிலர் அதை நம்பி அடுத்த உதவியைத் தேடாமலே இருந்துவிடுவார்கள். பொறுப்பேற்க ஆளே இல்லையென்றால் வெறும் எண்ணைக் கொடுத்துவிட்டு வராமல், உரிய அலுவலகத்துக்கான முதல் அழைப்பை அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தே போடவையுங்கள். ஒப்படைப்புக் குறிப்பு குடும்பத்துக்கு ஒரு பக்கம் போதும்: நடந்தது, பாக்கி, அடுத்த கெடு, அந்த வீட்டில் யாரிடம் பேச வேண்டும்.

பிறகும் சொந்த எண்ணுக்கு அழைப்பு வரும். எடுங்கள், யாரிடம் போக வேண்டும் என்று சொல்லுங்கள், அத்தோடு நிறுத்துங்கள். அதே வேலையைச் சம்பளமில்லாமல் தொடர்வது நல்ல மனசில் தொடங்குகிற தவறு. தப்பு நடந்தால் பதில் சொல்ல மேலதிகாரி இல்லை, காப்பீடு இல்லை, கையெழுத்துக்கு மதிப்பில்லை. ஆளில்லாமலே வேலை நடப்பதால் அந்தப் பணியிடத்தை நிரப்பும் அவசரமும் போய்விடும். தன்னார்வப் பணி செய்தே ஆக வேண்டுமென்றால் சில மாதம் கழித்து, வேறு இடத்தில், மணிக்கணக்கு வைத்துச் செய்யுங்கள்.

‘நன்றாகத்தானே செய்தேன்’ என்று மனம் குடையும். நன்கொடையாளர் தரும் பணம் பெரும்பாலும் ஒரு திட்டத்துக்கென்றே கட்டப்பட்டது. அதை எடுத்து இன்னொரு திட்டத்து ஊழியருக்குச் சம்பளம் போட முடியாது. உழைப்பு நன்றாக இருந்தும் வேலை போவது இப்படித்தான்.

வேலையில்லாத நாளை அப்படியே விட்டால் கரைந்துவிடும். 1930களில் ஆஸ்திரியாவின் மாரியன்தால் ஊரில் ஆலை மூடியபின் ஆய்வாளர்கள் கண்டது இதைத்தான்: கைநிறைய நேரம் இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்துபோனது. தினமும் வெளியே போக வேண்டிய நேரம் ஒன்றாவது குறித்துவையுங்கள். வேலை போனதைப் பற்றி நாளுக்கு 20 நிமிடம், தொடர்ந்து 5 நாள் எழுதுங்கள்; 1994இல் வெளியான ஓர் ஆய்வில் இப்படி எழுதியவர்களுக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் வேலை கிடைத்தது. இனி என்ன செய்யப்போகிறேன் என்ற திட்டத்தை எழுத வேண்டாம், கோபத்தையும் வருத்தத்தையும் எழுதுங்கள். யாருக்கும் காட்டவும் வேண்டாம்.

இரண்டு வாரமாகத் தூக்கமும் பசியும் திரும்பவில்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும் அன்றே போங்கள்.